பதினொரு கேட்டு

வண்டிக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அவளுக்கு அலுத்துவிட்டது. விடிந்தும் விடியாமலும் மலைக்குப் போய், கசிந்துகொண்டிருந்த குழாய்க்கு ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டு, பூட்ஸில் ஒட்டிய சேற்றோடு கீழே இறங்கி, பேருந்தில் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தவளுக்குப் புது வண்டி பார்க்கும் பூரிப்பு எங்கிருந்து வரும்? உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது. கடையில் நாற்காலி இருந்தது. அதில் விளம்பரத் தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஊருக்குத் தண்ணீர் மலைமேல் இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. பதினான்கு கிலோமீட்டர் குழாய். அதைப் பார்த்துக்கொள்வது குழாய்க்காரரும் அவர் மனைவியும். அலுவலகக் காகிதத்தில் அவர் பராமரிப்பாளர், அவள் உதவியாளர். குழாய் போகிற வழியெல்லாம் மாடு மேய்க்கும் நிலங்கள். நிலத்துக்கு ஒரு வேலி, வேலிக்கு ஒரு கேட்டு, ஆக மொத்தம் பதினொன்று. திறந்த கேட்டை உடனே மூடாவிட்டால் மாடு வெளியே போய்விடும், மாட்டுக்காரன் வீட்டு வாசலுக்கே வந்து கத்துவான். அதனால் வேலை இப்படித்தான் நடந்தது. நாலு சக்கர பைக்கை, எல்லோரும் குவாட் என்று சொல்வார்களே அதை, குழாய்க்காரர் ஓட்டுவார். அவள் பின்னால் இருக்கும் இரும்புத் தட்டில் ரெஞ்சுகளோடு ரெஞ்சாக உட்கார்ந்திருப்பாள். வேலி வந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல், "கேட்டு" என்பார். அவள் இறங்குவாள், திறப்பாள், வண்டி போனதும் மூடுவாள், மறுபடி ஏறுவாள். அடுத்த வேலி வந்ததும் மறுபடி, "கேட்டு."

பத்தொன்பது வருடம். மலையில் அவள் அதிகம் பார்த்தது அவருடைய சட்டை முதுகைத்தான். மாட்டுக்காரர்கள் அவளுக்குக் கேட்டம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் அவள் இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துபோயிற்று, இனிமேல் ஏறி இறங்குகிற வேலை கூடவே கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அவள் குழாய்க்காரரிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நீ வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு அவர் தனியாகக் கிளம்பிவிடுவார்.

தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் எட்டாவது கேட்டுக்குக் கீழே இருக்கும் சரிவில் வண்டி குடைசாய்ந்தது. அவள் அப்போது கேட்டை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் நாலு சக்கரமும் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது, அடியில் குழாய்க்காரர். குழாய் நெம்பும் கம்பியைக் கொடுத்து வண்டியைத் தூக்கி அவரை இழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் மறுநாள் காலைவரை ஆள் நடமாட்டம் கிடையாது. அவள் இல்லாதிருந்தால் அவர் அங்கேயே கிடந்திருப்பார். அதற்குப் பிறகு அவருடைய முழங்கால் சரியாக மடங்கவில்லை. வண்டியும் சரியாக ஓடவில்லை. கடைசியில் வண்டியைத்தான் மாற்ற முடிந்தது. அலுவலகம் அனுமதி கொடுத்து, எந்த வண்டி என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

ஆக, அவள் போகாவிட்டால் அவருக்கு ஆபத்து, போனால் அவளுக்கு இடுப்பு போய்விடும். இதை மனதில் போட்டுப் புரட்டிப் புரட்டியே அவளுக்குப் பாதித் தூக்கம் போயிருந்தது. குழாய்க்காரரோ நேராகக் கடைக்குள் நுழைந்தார்.

விற்பனைக்காரருக்கு வாயெல்லாம் பல். கழுத்தில் அட்டை, கையில் போன். போன் மணிக்கொரு தரம் அடித்தால் பரவாயில்லை, நிமிடத்துக்கு ஒரு தரம் அடித்தது.

"வாங்க சார், வாங்கம்மா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயே நிக்குது, பார்த்துட்டுச் சொல்லுங்க. இது குவாட். உங்களுக்குத் தெரியாததில்ல. நாலடி அகலம், எந்தச் சந்துலயும் பூந்துரும். இந்தப் பக்கம் இருக்கறது சைடு பை சைடு. எங்க ஊழியருங்க ஜோடி வண்டின்னு சொல்வாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம், பெல்ட் இருக்கு, கவிழ்ந்தாலும் தலைக்கு மேல கூண்டு இருக்கு. பின்னால சாமான் தொட்டி."

குழாய்க்காரர் ஜோடி வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குவாட்டின் டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"பின்னால இந்தத் தட்டு எவ்வளவு கனம் தாங்கும்?"

"சாமான்னா நல்லாவே தாங்கும் சார். ஆள் மட்டும் உக்காரக் கூடாது. இது ஒருத்தர் வண்டி."

"பழசுல உக்காந்துதான் போனோம்."

"பழசுலயும் உக்காரக் கூடாது சார். அதுலயும் அது சாமான் தட்டுதான்."

"அப்ப பத்தொன்பது வருஷமா நான் சாமானா இருந்திருக்கேன்" என்றாள் அவள்.

விற்பனைக்காரர் சிரித்தார். அது வேடிக்கை இல்லை என்பது பாதிச் சிரிப்பில்தான் அவருக்கு உறைத்தது. நல்லவேளையாகப் போன் அடித்தது, எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"எனக்கு இதுவே போதும்" என்றார் குழாய்க்காரர். "நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்."

இத்தனை நாள் எதைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாளோ, அதை அவர் கடை நடுவில் நின்று பேருந்து டிக்கெட் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

"அந்த வண்டியையும் ஒரு தடவை பார்த்துருவோமே."

"அது அகலம். மலையில ரெட்டைப் பாறைக்கு நடுவுல நுழையாது."

"நுழையும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அஞ்சே முக்கால் அடி இடம் இருக்கு. போன வாரம் நீங்க வால்வு கழட்டிட்டு இருந்தப்ப டேப் வெச்சு அளந்தேன். இந்த வண்டி அஞ்சடி நாலு அங்குலம்னு அந்த அட்டையில போட்டிருக்கு."

குழாய்க்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். உதவியாளர் தன்னைக் கேட்காமல் மலையை அளந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் குழாய் வேலைக்காரனுக்கு டேப் சொன்னால் சொன்னதுதான்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே விற்பனைக்காரர், பின்பக்க மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சைகை காட்டினார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நடுவுல ஒரு கேட்டு இருக்கும் சார், மறக்காம மூடிருங்க, பக்கத்து இடத்துக்காரர் மாடு உள்ள வந்துரும்" என்றார்.

இங்கேயுமா மாடு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏறுவதற்கே இரண்டு பேருக்கும் பெரும்பாடாகிவிட்டது. வண்டி உயரம். அந்தப் பக்கம் குழாய்க்காரர் முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். இந்தப் பக்கம் அவள் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அடுத்தவர் முனகல் கேட்டது, இரண்டு பேரும் கேட்காதது போல இருந்தார்கள். பெல்ட்டைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள், ஆள் வெளியே விழாமலிருக்கப் பக்கத்தில் தொங்கிய வலையை இழுத்துக் கொக்கி போட்டார்கள். எல்லாம் முடிந்து பெருமூச்சு விட்டு நிமிர்ந்தால், ஸ்டீயரிங் அவள் மடிக்கு மேலே இருந்தது.

குழாய்க்காரர் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அப்படியே இருந்தார். அவருக்கு எதிரே ஒரு கைப்பிடிக் கம்பி மட்டும்தான்.

அவர்கள் ஊரில் எல்லா வண்டிக்கும் ஸ்டீயரிங் வலது பக்கம். கூட வருகிறவர் இடது பக்கம் ஏறுவார். கால் வைக்கிற இடத்தைப் பார்த்தே ஏறியதால் இரண்டு பேரும் பழக்கத்தில் அவரவர் பக்கம் ஏறிவிட்டார்கள். இந்த வண்டியோ எங்கிருந்தோ வந்தது, ஸ்டீயரிங் இடது பக்கம். அதை முதலிலேயே சொல்ல வேண்டியவர் போனில் யாருக்கோ வேறு வண்டி விற்றுக்கொண்டிருந்தார்.

"இறங்கு, மாத்தி உக்காரலாம்" என்றார் குழாய்க்காரர்.

அவள் இறங்கவில்லை. அவரும் இறங்கவில்லை. மறுபடி கொக்கியை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, காலைத் தூக்கி வெளியே வைத்து, சுற்றி நடந்துபோய், அத்தனையையும் திரும்பச் செய்ய இரண்டு பேர் உடம்பிலும் தெம்பில்லை.

"சரி, நீயே ஓட்டு. ஒரு சுத்துதானே" என்றார் கடைசியில்.

வீட்டு முற்றத்தில் பழைய குவாட்டை நகர்த்தி நிறுத்தி அவளுக்குப் பழக்கம் இருந்தது. இதில் கியர் கூட மாற்ற வேண்டியதில்லை. மெதுவாக மிதித்தாள், வண்டி கிளம்பியது. மைதானத்தில் வேண்டுமென்றே மேடும் பள்ளமும் வெட்டி வைத்திருந்தார்கள். முதல் மேட்டில் குழாய்க்காரர் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே வெட்டவெளி. சட்டை முதுகு இல்லை. இது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றிய உடனே, இடுப்பு வலியும் ஞாபகத்துக்கு வந்தது. இருக்கை மெத்தென்று இருந்து என்ன பிரயோசனம்? பதினொரு கேட்டுக்கும் இந்த உயரத்திலிருந்து இறங்கத்தானே வேண்டும்.

நினைத்து முடிக்கவில்லை, எதிரே வேலி. அவள் வண்டியை நிறுத்தினாள்.

"கேட்டு" என்றார் குழாய்க்காரர், நேராகப் பார்த்தபடி.

அவள் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"கேட்டு" என்றார் மறுபடியும்.

"கேட்டு கேட்டுன்னு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை சொல்றீங்க" என்றாள் அவள். "ஒரு தடவையாவது என்னைக் கேட்டு ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

குழாய்க்காரருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வார்த்தை விளையாட்டு என்று நினைத்தார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வண்டியில் போகும்போது அவர் அவள் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எதைக் கேட்கல?"

"நான் மட்டும் போறேன்னு சொன்னீங்களே, அதை யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நீ மட்டும் எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டியா?"

"எதைச் சொல்லல?"

"வாஷர் டப்பாவுக்கு அடியில ஒரு சீட்டு இருக்கே, அதை."

அந்தத் தகர டப்பாவில் பழைய ரப்பர் வாஷர்களைப் போட்டு வைப்பார்கள். அதை அவர் தொட்டே வருடக்கணக்கில் ஆகிறது என்றுதான் மருத்துவர் சீட்டை அங்கே மடித்து வைத்தாள். இத்தனை காலமாக ஒரு வாஷர்கூடத் தேடி எடுக்காத மனிதர், சீட்டு அங்கே இருந்த நேரம் பார்த்துத் தேடியிருக்கிறார்.

"அதைப் படிச்சுட்டுத்தான் குவாட்டே வாங்கிருவோம்னு இருந்தேன்" என்றார் அவர். "ஒருத்தர் வண்டின்னு கடைக்காரனே சொல்லிட்டா உனக்கும் மனசு கஷ்டப்படாது. நீ வீட்ல காலை நீட்டி உக்காரட்டும்னு பார்த்தேன்."

"நான் வீட்ல காலை நீட்டி உக்காந்துருவேன். நீங்க சரிவுல காலை நீட்டிக் கிடந்தா வண்டியைத் தூக்கறது யாரு?"

என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மேய்வதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னால முடியலைங்க" என்றாள் அவள். இத்தனை வருடத்தில் இந்த இரண்டு வார்த்தையை அவள் சொன்னதில்லை. சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. இன்னும் கொஞ்சம் களைப்பாகத்தான் இருந்தது. "வரமாட்டேன்னு சொல்லல. உங்களைத் தனியா அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. ஆனா இறங்க முடியல. ஒரு கேட்டுகூட."

குழாய்க்காரர் பெல்ட்டைக் கழற்றினார். வலையின் கொக்கி சட்டென்று வரவில்லை, இரண்டு தரம் இழுத்தார். முழங்காலைத் தூக்கி வெளியே வைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கி, பொத்தென்று தரையில் இறங்கினார். நொண்டி நொண்டிக் கேட்டுப் பக்கம் போனார். அங்கே போய் நின்றுவிட்டார்.

தாழ்ப்பாள் வரவில்லை. இழுத்தார், குத்தினார், கேட்டை ஓர் உதை உதைத்தார். ஊர்த் தண்ணீரையே கைக்குள் வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு கேட்டைத் திறக்கத் தெரியவில்லை.

"தொங்கிப்போன கேட்டுங்க அது" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள். "தோளைக் கொடுத்து மேல தூக்குங்க. தூக்கிட்டே இழுங்க."

அவர் தூக்கினார். திறந்தது. அவள் வண்டியைக் கடத்தி அந்தப் பக்கம் நிறுத்தினாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மூடுவதற்கும் தூக்க வேண்டும் என்பதை இம்முறை அவரே கண்டுபிடித்தார். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, உள்ளங்கை துருவால் சிவந்திருந்தது. அவள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே கேட்டுக்கு வந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர் தானாகவே இறங்கினார், திறந்தார், மூடினார், ஏறினார். இந்தத் தடவை ஏறும்போது கம்பி கையிலிருந்து நழுவியது. இரண்டாவது முயற்சியில்தான் உள்ளே வந்தார்.

"இருபத்திரண்டுன்னியே" என்றார், மூச்சு அடங்கிய பிறகு. "கேட்டு பதினொண்ணுதானே?"

"போகும்போது பதினொண்ணு. நாம திரும்பி வர்றதில்லையா?"

அவர் யோசித்தார். அலுவலகத் தாளில் பதினொன்று என்றுதான் போட்டிருந்தது. அவரும் அப்படியே எண்ணியிருந்தார். ஒரு தடவையும் இறங்காத ஆளுக்கு இரண்டு தடவை எண்ண என்ன அவசியம்? துரு ஒட்டிய கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தார். அவள் கோபப்பட்டிருக்கலாம். காலையிலிருந்து கோபப்படக் காரணம் தேடிக்கொண்டும் இருந்தாள். ஆனால் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கும் வயதாகிவிட்டது என்பது அவர் முதுகிலிருந்து தெரிந்ததில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது, தன்மேலும்தான்.

கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். விற்பனைக்காரர் அதிசயமாகப் போன் இல்லாமல் ஓடிவந்தார்.

"எப்படி இருக்கு சார்? ஐயோ, ஸ்டீயரிங் இந்தப் பக்கம்னு சொல்ல மறந்துட்டேன். அம்மாவே ஓட்டிட்டாங்களா, பரவாயில்லையே! நாளைக்கு நீங்க ஓட்டிப் பழகிக்கலாம் சார், ரெண்டு நாள்ல கை வந்துரும்."

"ரெண்டு கையும் இதுலதான் இருக்கட்டும்" என்று குழாய்க்காரர் எதிரே இருந்த கம்பியைத் தட்டினார். "இந்த வண்டியையே போடுங்க."

அவர் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார். அவள் இறங்கவில்லை. இறங்கு என்று யாரும் சொல்லவும் இல்லை. ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷமா, சலிப்பா, அவர் முழங்கால் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

விற்பனைக்காரர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். பின்தொட்டிக்கு மூடி வேண்டுமா, முன்பக்கம் கண்ணாடி வேண்டுமா, எல்லாவற்றையும் கேட்டார். பிறகு வலது பக்கம் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் வெளியில ஒரு கைப்பிடி போட்டுத் தருவோம் சார். அடிக்கடி ஏறி இறங்கறவங்களுக்கு அது ரொம்ப உதவி. அம்மா உயரத்துக்கு வெச்சுரவா?"

"என் உயரத்துக்கு வைங்க" என்றார் குழாய்க்காரர்.

விற்பனைக்காரர் அவரைப் பார்த்தார், உள்ளே இருந்த அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டேப்பை எடுத்தார். குழாய்க்காரர் வண்டியை ஒட்டி நின்று, கையைத் தூக்கித் தோளுக்கு மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அங்க வேணாம், இன்னும் கீழ வைக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். "இருபதாவது தடவை ஏறும்போது கை அவ்வளவு உயரம் போகாது."

அவர் கையை இறக்கினார். இன்னும் கொஞ்சம், என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் இறக்கினார்.